றோட்டு வேலைக்காரரின் தளர்ந்த தந்திகள்

ஹொனலூலு மாநகர நிர்வாகத்தின் வீதித் திருத்தக் குழுவில் ஒரு மனிதர் வேலை செய்தார். வெயிலில் நின்று தெருவைக் கிண்டி நிரவுகிற வேலை. வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலை முடிந்தால் வைமனாலோவில் இருந்த தன் வீட்டுக்கு வந்துவிடுவார். அவருக்குப் பின்னாலேயே ஆட்கள் வரத் தொடங்குவார்கள். ஒருவர் கையில் யூக்கலேலே, இன்னொருவர் தோளில் கிற்றார், மற்றவர் கையில் சாப்பாட்டுச் சட்டி. ஞாயிறு இரவு வரை அந்த வளவில் பாட்டு ஓயாது. திங்கள் காலை அவர் மறுபடி றோட்டுக்குப் போவார்.

அவருடைய பெயர் கேபி பஹினுயி. ஹவாய் மக்கள் தங்களுடைய கிற்றார் இசையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் முதலில் சொல்லும் பெயர் இதுதான். 1980ஆம் ஆண்டு காலமானவர். நாற்பத்தைந்து வருடங்களுக்கு மேலாகியும் அங்கே அவரைப் 'பொப்ஸ்' என்றுதான் சொல்கிறார்கள், வீட்டிலுள்ள அப்பாவைச் சொல்வது போல.

கதைக்குள் போக முன்னர் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். எங்கள் தலைமுறைக்கு 'ஹவாயன் கிற்றார்' என்றால் வானொலியில் பழைய ஹிந்திப் பாட்டுகளை இழுத்து இழுத்து வாசித்த அந்த வாத்தியம்தான் ஞாபகம் வரும். மடியில் படுக்க வைத்து, தந்தியின் மேல் ஓர் இரும்புத் துண்டை வழுக்கி வாசிப்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜோசப் கெகூகூ என்ற பள்ளிக்கூடப் பொடியன் கண்டுபிடித்ததாகச் சொல்லப்படுவது அது. கேபி அதையும் மிக நன்றாக வாசித்தார். ஆனால் அவர் பெயர் நின்றது இன்னொரு வகைக் கிற்றாரில். அதற்கு ஹவாய் மொழியில் 'கீ ஹோஆலு' என்று பெயர். தந்தியைத் தளர்த்துவது என்பதுதான் பொருள்.

1830களில் ஹவாயின் மூன்றாம் கமேஹமேஹா மன்னர், தீவில் கட்டுக்கடங்காமல் பெருகிப்போன மாடுகளைப் பிடித்துப் பழக்குவதற்காக மெக்சிக்கோ பக்கத்திலிருந்து மாடு மேய்ப்பவர்களை வரவழைத்தார். அவர்கள் கிற்றாரும் கொண்டு வந்தார்கள். வந்தவர்கள் திரும்பிப் போனபின் கிற்றார்கள் தங்கிவிட்டன. அவற்றை எப்படிச் சுருதி கூட்டுவது என்று அதிகம் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. ஹவாய்க்காரர்கள் தங்கள் பாட்டுக்கு ஏற்றபடி சில தந்திகளைத் தளர்த்தினார்கள். விரல் எதுவும் வைக்காமல் வெறுமனே தட்டினாலே ஒரு முழு இசைவு எழும்பும்படி கூட்டினார்கள். எங்கள் கணக்கில் சொன்னால் ஸ, க, ப மூன்றும் திறந்த தந்திகளிலேயே நின்று ஒலிக்கும். பெருவிரல் கீழ்த் தந்திகளில் தாளத்தையும் ஆதாரத்தையும் பிடித்துக்கொண்டு நடக்க, மற்ற விரல்கள் மேலே பாட்டை வாசிக்கும். ஒரு ஆள் இரண்டு ஆள் வேலை செய்வது போல இருக்கும். மிகவும் பரவலான ஒரு கூட்டலுக்கு அவர்கள் சேப்பங்கிழங்கு வயல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய சோறு அந்தக் கிழங்குதான் என்பதை நினைத்துப் பார்த்தால் பெயரின் அருமை விளங்கும்.

இந்தக் கூட்டல்கள் பல குடும்பங்களில் இரகசியமாக இருந்தன. எங்கள் ஊர் வைத்தியர்கள் கைமருந்தை வெளியில் சொல்லாதது போல, ஒரு குடும்பத்தின் கூட்டலை அடுத்த குடும்பத்துக்குச் சொல்லமாட்டார்கள். வேற்று ஆள் வந்தால் வாசித்து முடித்ததும் தந்தியைக் குலைத்துவிட்டு வைப்பவர்களும் இருந்தார்கள். பிள்ளைகளுக்குக்கூட உட்கார வைத்துப் பாடம் நடத்துவது வழக்கமில்லை. பார், கேள், வாயை மூடிக்கொண்டிரு, அவ்வளவுதான் கல்வி.

இரகசியம் காப்பதற்குக் காரணமும் இருந்தது. 1893 ஜனவரியில் ஹவாயின் அரசி லிலியுஓகலானியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1896இல் வந்த சட்டம் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலமே கற்பிக்கும் மொழி என்றது. 1898இல் அமெரிக்கா தீவுகளைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அதன் பின் வந்த இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் தங்கள் தாய்மொழியை வகுப்பறைக்கு வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போனார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வீட்டிலும் அது குறைந்தது. இப்படியான காலத்தில் மிச்சமிருப்பதை மனிதர்கள் இறுக்கிப் பிடிப்பார்கள். இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இறுக்கிப் பிடித்ததே அந்த இசைக்கு ஆபத்தாகவும் வந்தது. தெரிந்த கிழவர் ஒருவர் போனால் அவரோடு ஒரு கூட்டலும் போய்விடும்.

கேபி பிறந்தது 1921 ஏப்ரல் 22ஆம் தேதி. ஹொனலூலுவின் ககாஅகோ பகுதியில் வளர்ந்தார். அந்த நாளில் அது உழைப்பாளிகளின் குடியிருப்பு. பிறப்பில் அவருடைய குடும்பப் பெயர் கஹஹாவாய். 'ஹானாய்' என்ற ஹவாய் வழக்கப்படி பஹினுயி குடும்பம் அவரை எடுத்து வளர்த்தது. சார்ல்ஸ் பிலிப் பஹினுயி என்ற பெயர் அப்படித்தான் வந்தது. இதை நாங்கள் நினைக்கிற தத்தெடுப்பு என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. ஒரு வீட்டுப் பிள்ளை இன்னொரு வீட்டில் வளர்வது அங்கே மறைக்கிற விசயமில்லை, உறவுகளைக் கூட்டுகிற விசயம்.

வீட்டில் வறுமை. பத்திரிகை விற்றார், சப்பாத்துத் துடைத்தார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. கிற்றாரை எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை, இசைக் குறியீடும் படிக்கவில்லை. பெரியவர்கள் வாசிக்கிற இடங்களில் நின்று பிடித்தார். ஹேர்மன் கெயாவே என்ற கிற்றார்க்காரரைத்தான் அவருக்கு வழிகாட்டியவராகச் சொல்வார்கள். பதின்ம வயதிலேயே இரவு விடுதிகளில் மற்றவர்களுக்குப் பின்னால் நின்று வாசிக்கத் தொடங்கினார். ஜாஸ் மேல் அவருக்குப் பெரிய ஆசை. எமிலியைக் கலியாணம் செய்ததும் இளவயதிலேயே. அடுத்தடுத்துப் பிள்ளைகள்.

உலகப் போர் முடிந்த கையோடு, 1946 வாக்கில், அலோஹா ரெக்கோர்ட்ஸ் என்ற உள்ளூர் நிறுவனத்துக்காக 'ஹியிலாவே' என்ற பாட்டைக் கேபி பதிவு செய்தார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. தளர்ந்த தந்திக் கிற்றார் முதன்முதலில் இசைத்தட்டில் ஏறியது அதில்தான் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ஹியிலாவே என்பது வைப்பியோ பள்ளத்தாக்கில் விழும் ஓர் உயர்ந்த அருவியின் பெயர். பாட்டோ ஒரு களவுக் காதலைப் பற்றியது. ஊர் வாய்க்கு அகப்படாமல் ஒளிகிற ஒருத்தியின் கதை. அலர் தூற்றும் ஊரைப் பற்றிச் சங்கப் பாட்டில் படித்தவர்களுக்கு அந்த உணர்வு புதியதல்ல.

அதுவரை வீட்டு விறாந்தையில் மட்டும் கேட்ட சத்தம் கடையில் காசு கொடுத்து வாங்கக்கூடியதாக வந்துவிட்டது. மற்றத் தீவுகளில் இருந்த இளம் வாசிப்பாளர்கள் அந்தத் தட்டைத் தேயத் தேயக் கேட்டுத் தங்கள் விரல்களைத் திருத்தினார்கள். இரகசியத்தை உடைத்தவர் என்று கேபி மேல் யாரும் பெரிதாகக் கோபித்ததாகத் தெரியவில்லை. என் எண்ணத்தில், அந்த நேரத்தில் அது உடைய வேண்டியதாகவே இருந்தது.

ஆனால் பெயர் வந்தது, பிழைப்பு வரவில்லை. ஐம்பதுகளில் ஹவாய் இசை என்று உலகம் கேட்டது வேறொன்று. வைக்கிக்கி கடற்கரை ஹோட்டலிலிருந்து 'ஹவாய் கோல்ஸ்' என்ற வானொலி நிகழ்ச்சி பல நாடுகளுக்கு ஒலிபரப்பானது. அலைச் சத்தம், இனிமையான ஆங்கிலப் பாட்டு, பூமாலை, புல்லுப் பாவாடை. 1959இல் ஹவாய் அமெரிக்காவின் ஐம்பதாவது மாநிலமானது. பெரிய விமானங்கள் வரத் தொடங்கின, சுற்றுலாப் பயணிகளும் வந்தார்கள். அவர்கள் கேட்டதை வாசித்தால்தான் சம்பளம். ஜாஸ் கேட்டால் ஜாஸ், லத்தீன் கேட்டால் லத்தீன். கைத்திறன் உள்ள உள்ளூர்ப் பெடியளுக்குத் தங்கள் பாட்டன் பாட்டெல்லாம் பட்டிக்காட்டுச் சாமானாகத் தெரிந்த காலம் அது.

அப்படியானவர்களில் ஒருவர் எடி கமாய். யூக்கலேலேயில் தீவிலேயே அவருக்கு நிகர் இல்லை. அந்தச் சின்ன நான்கு தந்தி வாத்தியத்தில் மேலைச் செவ்வியல் இசையும் ஸ்பானிய இசையும் வாசித்துக் காட்டியவர். ஹவாய் இசை மட்டும் அவருக்கு அலுப்பு, அதில் தன் விரலுக்கு வேலை இல்லை என்ற எண்ணம். 1959 வாக்கில் அவர் வைமனாலோவில் கேபியின் வீட்டுக்குப் போனார். இருவரும் உட்கார்ந்து வாசித்தார்கள். அந்த நாட்களில் ஒரு நேரம் கேபியின் கிற்றாரிலிருந்து வந்த பழைய பாட்டு எடியைப் பிடித்துவிட்டது. தான் எளிது என்று தள்ளியது எளிதே அல்ல என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

பலர் இதை எடி கமாயின் மனமாற்றக் கதையாகச் சொல்வார்கள். எனக்கு அது கேபியின் கதையும்தான். நாற்பதை நெருங்கிவிட்ட ஒரு மனிதர், ஊதியத்துக்கு எதை எதையோ வாசித்துக் களைத்தவர், தன்னுடைய பாட்டைத் தன் வளவில் மட்டும் வைத்திருந்தவர். அதை மேடையில் வாசிக்கலாம், வேறு எதுவும் கலக்காமல் வாசிக்கலாம் என்று அவருக்கு ஒரு துணை கிடைத்தது. 1960இல் இருவரும் டேவிட் ரோஜர்ஸ், ஜோ மார்ஷல் ஆகியோரைச் சேர்த்து 'ஹவாயின் புதல்வர்கள்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். கேபி கிற்றார், எடி யூக்கலேலே, ரோஜர்ஸ் இரும்பு வழுக்கும் கிற்றார், மார்ஷல் பெரிய பாஸ். சத்தம் போடாத குழு. ஒருவர் வாசிக்கும்போது மற்ற மூவரும் இடம் விட்டு நிற்பார்கள். அந்தப் பதிவுகளைக் கேட்டால் அந்த இடைவெளிகள்தான் முதலில் காதில் விழும்.

எடி ஒரு படி மேலே போனார். பழைய பாட்டுகளின் சொற்கள் தனக்கே முழுதாக விளங்கவில்லை என்று மேரி கவேனா புகுயி என்ற பெரும் ஹவாய் மொழி அறிஞரிடம் போனார். ஊர் ஊராகத் தேடும்படி அந்த அம்மையார் அவரைத் திருப்பிவிட்டார். வைப்பியோவில் சாம் லீயா என்ற முதிய பாட்டுக்காரரைக் கண்டடைந்து பின்னாளில் அவரைப் பற்றி ஒரு படமும் எடுத்தார், 1988இல். இதெல்லாம் ஒரு வளவில் கேட்ட ஒரு பாட்டின் வட்டி.

கணக்கு என்று வந்துவிட்டதால் இதையும் சொல்கிறேன். 1961இல், கிங்ஸ்ரன் டிரியோ என்ற புகழ்பெற்ற அமெரிக்கக் குழுவைச் சேர்ந்த டேவ் கார்ட், கேபியைத் தனியாக உட்கார வைத்து ஒரு முழு இசைத்தட்டுக்கான பாட்டுகளைப் பதிவு செய்தார். கார்ட் ஹொனலூலுவில் வளர்ந்தவர், என்ன கேட்கிறோம் என்று தெரிந்தவர். அமெரிக்கப் பெருநிலத்தின் இசைத்தட்டு நிறுவனங்களிடம் கொண்டுபோய்ப் பார்த்தார். ஒருவரும் எடுக்கவில்லை. அந்த நாடா கிடந்தது. 'பியூர் கேபி' என்ற பெயரில் ஒரு ஹவாய் நிறுவனம் அதை வெளியிட்டது 1978இல்தான். பதினேழு வருடம். நான் முப்பது வருடத்துக்கு மேலாகப் பிறர் கணக்கு எழுதிச் சீவிக்கிறவன். பதினேழு வருடம் அசையாத சரக்கை எந்தக் கணக்காளரும் ஏட்டிலிருந்து தள்ளி எழுதிவிடுவார். இன்று கேபியின் பதிவுகளில் பலர் முதலிடம் கொடுப்பது அந்தச் சரக்குக்கு.

இந்த இடைக்காலத்தில் கேபி என்ன செய்தார்? றோட்டுக்குப் போனார். பிள்ளைகளை வளர்த்தார். குடித்தார், அளவுக்கு மிஞ்சியே குடித்தார். அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. அவரைப் பற்றி அன்போடு கதைக்கிறவர்களும் அதைச் சொல்லாமல் விடுவதில்லை. மேடைக்கு வருவாரா மாட்டாரா என்று குழு காத்திருந்த கதைகள் உண்டு. எமிலி இல்லாவிட்டால் அந்த வீடு நின்றிருக்காது. வெள்ளி முதல் ஞாயிறு வரை வந்துபோன அவ்வளவு கூட்டத்துக்கும் இடம் கொடுத்த வீட்டுக்காரி அவர். இசை வரலாறு எழுதுகிறவர்கள் இப்படியான பெண்களுக்கு ஒரு வரி கொடுப்பதோடு நிறுத்திவிடுவார்கள். நானும் ஒரு பந்திக்குள்தான் எழுதுகிறேன், அவரைப் பற்றி அச்சில் வந்தது அவ்வளவு குறைவு.

வளவில் கூடி வாசிப்பதை ஹவாயில் 'கனிகபிலா' என்பார்கள். அதில் பார்வையாளர் என்று தனியாக ஒருவரும் இல்லை. வேலை முடிந்த பின்னேரத்துக்கு அவர்கள் மொழியில் ஒரு தனிச் சொல் உண்டு, 'பௌ ஹனா'. உழைப்பு முடிந்தது என்று பொருள். தளர்ந்த தந்திக் கிற்றார் பிறந்ததும் வளர்ந்ததும் அந்த நேரத்தில்தான். நான் இதை எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் சமூகத்தில் பிள்ளைகளைச் சனிக்கிழமைகளில் மிருதங்கத்துக்கும் வயலினுக்கும் ஏற்றி இறக்குகிறோம். மண்டபம் எடுத்து அரங்கேற்றம் செய்கிறோம். அடுத்த மாதம் வாத்தியம் அலுமாரிக்கு மேல் போகிறது. பெரியவர்கள் வாசிப்பது என்பது பேச்சிலேயே இல்லை. ஐம்பதைத் தாண்டி மறுபடி கிற்றாரைத் தூக்கிய சிலரில் நானும் ஒருவன். விரல் நுனி நோகிறது, அயல் வீட்டார் பொறுத்துக்கொள்கிறார்கள். இந்த வயதில் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. கேபியின் தேதிகள்தான் இருக்கின்றன.

அந்தத் தேதிகளைப் பாருங்கள். 1971இல் 'ஹவாயின் புதல்வர்கள்' மறுபடி கூடி, மோ கெயாலேயையும் சேர்த்து ஐந்து பேராக ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். கேபிக்கு ஐம்பது. 1972இல் பனினி என்ற சிறு நிறுவனம், சில இளைஞர்கள் நடத்தியது, அவருடைய பெயரையே தலைப்பாக வைத்து ஒரு தட்டு கொண்டுவந்தது. அதில் அவரோடு வாசித்தவர்களில் அவருடைய புதல்வர்களும் இருந்தார்கள். சிரில், பிளா, பிலிப், மார்ட்டின் என்று நான்கு பேர் அவர் வழியில் வந்தவர்கள். கூடவே பழைய நண்பர்கள் அட்டா ஐசக்ஸ், சன்னி சில்லிங்வேர்த். வார இறுதி வளவைத் தூக்கி அப்படியே ஒலிப்பதிவுக்கூடத்தில் வைத்த மாதிரி. 1975இல் 'கேபி பஹினுயி ஹவாயன் பாண்ட்' முதல் தொகுதி, 1977இல் இரண்டாவது. அறுபது வருட வாழ்வில் அவருடைய பெரிய அறுவடை கடைசிப் பத்து வருடங்களில் வந்தது.

அந்த நேரத்தில் வந்து சேர்ந்தவர் ரை கூடர். கலிபோர்னியாக்காரர், அப்போதே பெயர் பெற்ற கிற்றார் கலைஞர். ஹவாயில் கேபியின் இசையைக் கேட்டுவிட்டுத் தேடிக்கொண்டு வந்தார். முன்னால் நிற்க வரவில்லை. 1975 தட்டில் மண்டோலின் போன்றவற்றை வாசித்துக்கொண்டு கூட்டத்தில் ஒருவராக இருக்கிறார். 1976இல் வெளிவந்த தன் சொந்தத் தட்டிலும் கேபியையும் அட்டாவையும் சேர்த்துக்கொண்டார். இதே கூடர்தான் பின்னர் 1993இல் எங்கள் பக்கத்து விஷ்வ மோகன் பட்டோடு சேர்ந்து ஒரு தட்டு செய்து கிராமி விருது பெற்றவர். பட்டின் மோகன வீணை, கெகூகூ படுக்க வைத்த அந்தக் கிற்றாரின் பேரப்பிள்ளை. கியூபாவின் முதிய இசைக்காரர்களை 1997இல் உலகம் கேட்க வைத்த புவெனா விஸ்ரா பதிவுக்குப் பின்னாலும் கூடர் இருந்தார். வயோதிபர்களைத் தேடிப் போகிற பழக்கம் வைமனாலோவில் தொடங்கியிருக்கலாம் என்பது என் ஊகம்.

அதே எழுபதுகளில் ஹவாயில் பெரிய விழிப்பு ஒன்று நடந்தது. 1976இல் பழைய முறையில் கட்டிய ஹோகூலேஆ என்ற இரட்டைத் தோணி, கருவி எதுவும் இல்லாமல் நட்சத்திரங்களைப் பார்த்து தஹிட்டி வரை போய்ச் சேர்ந்தது. 1978இல் அரசியலமைப்பைத் திருத்தி ஹவாய் மொழியையும் மாநிலத்தின் ஆட்சிமொழி ஆக்கினார்கள். வகுப்பறையிலிருந்து வெளியே விடப்பட்டு எண்பத்திரண்டு வருடங்களின் பின். இளைஞர்கள் பாட்டன் பாட்டைத் தேடத் தொடங்கியபோது அது உயிரோடு ஒரு வளவில் இருந்தது. பீட்டர் மூன் போன்ற அடுத்த தலைமுறைக்காரர்கள் அதைப் புதுப்பித்து எடுத்துக்கொண்டு போனார்கள். கேபி கொடி எதுவும் பிடித்தவரல்ல, மேடைப் பேச்சுக்காரரும் அல்ல. அவருடைய அரசியல் என்று ஒன்று இருந்திருந்தால் அது கதவைத் திறந்து வைத்திருந்ததுதான்.

1980 ஒக்ரோபர் 13ஆம் தேதி கொல்ஃப் மைதானத்தில் மாரடைப்பு வந்து விழுந்தார். ஐம்பத்தொன்பது வயது. கடின உழைப்பும் குடியும் சேர்ந்து எடுத்த உடம்பு.

பிள்ளைகளில் சிரில் நீண்ட காலம் வாசித்தார். தகப்பனிடம் பார்த்தும் கேட்டும் பிடித்ததை அவர் மேசையில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். வகுப்புகள் எடுத்தார். 2014இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலைஞர் கௌரவம் அவருக்குக் கிடைத்தது. 2018இல் அவரும் காலமானார். பியானோக் கலைஞர் ஜோர்ஜ் வின்ஸ்ரன், தொண்ணூறுகளிலிருந்து மிஞ்சியிருந்த கிற்றார்க்காரர்களை ஒவ்வொருவராகப் பதிவு செய்து, யார் எந்தக் கூட்டலில் வாசிக்கிறார் என்பதையும் எழுதி வெளியிட்டார். ஒரு காலத்தில் விருந்தாளி வந்தால் குலைத்து மறைத்த கூட்டல்களை இன்று யாரும் படித்துப் பார்க்கலாம். 2011இல் வந்த 'தி டிசெண்டன்ட்ஸ்' என்ற ஹொலிவூட் படத்தில் கேபியின் குரல் ஒலிக்கக் கேட்டுத்தான் வெளிநாட்டில் பலர் அவரைத் தேடினார்கள்.

கேட்க விரும்புகிறவர்கள் 'பியூர் கேபி'யில் தொடங்கலாம். ஒரு கிற்றார், ஒரு குரல், இடையிடையே மேல்ஸ்தாயிக்குத் தாவி அங்கேயே கொஞ்சம் நடுங்கி நிற்கும் அந்தக் குரல். பிறகு 1975 தட்டுக்குப் போங்கள். அதில் எத்தனை கிற்றார் என்று எண்ண முயன்றால் தவறிவிடும். தகப்பன் எது, மகன் எது என்று பிரிப்பது இன்னும் கடினம்.